அரசியின் துக்கமும் பணியாளரின் உழைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா அரசியையும் அவருடைய ஸ்காட்லாந்துப் பணியாளர் ஜான் பிரவுனையும் பற்றிய ‘மிஸஸ் பிரவுன்’ திரைப்படம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். 1997-இல் வந்த படத்தை இன்றைய வாசகருக்கு நினைவூட்டியதற்கு நன்றி. ஆயினும், இருவருக்கும் இடையே இருந்தது காதலா இல்லையா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே கட்டுரையின் பெரும்பகுதி அமைந்துவிட்டது. அது லண்டன் பத்திரிகைகள் 1860-களிலேயே மென்று தீர்த்த கேள்வி. பிரவுன் மலைச்சரிவில் உலவினார், பைக்குழல் இசை கேட்டார், நேரத்தோடு உறங்கச் சென்றார் என்றெல்லாம் அரண்மனை அறிவிப்பின் பாணியில் அச்சிட்டு ‘பஞ்ச்’ இதழ் 1866-இலேயே கேலி செய்துவிட்டது. ஆளும் ஒருவரின் துக்கத்தைச் சுமக்க எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது, அதையே வேலையாகக் கொண்டவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதைத்தான் இந்தப் படம் பேசுகிறது என்பது என் கருத்து.

அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று வின்ட்சர் கோட்டையில் இறந்தபோது கணவன், மனைவி இருவருக்குமே வயது 42. அன்று அணிந்த கறுப்பு உடையை அரசி 1901 சனவரியில் தாம் இறக்கும்வரை மாற்றவில்லை. இறந்தவரின் அறையில் நாள்தோறும் வெந்நீர் வைக்கப்பட்டது. அவர் உடுத்துவதற்கென உடைகள் எடுத்து வைக்கப்பட்டன. துக்கம் அரசியுடையது, வெந்நீரைச் சுமந்து சென்றவர் யாரோ ஒரு பணியாளர். நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைக்கக்கூட அரசி 1866 வரை நேரில் செல்லவில்லை. துயரத்துக்கு இப்படிக் காலவரையற்ற விடுப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த மாளிகையில் வேறு எவருக்கும் இருந்திருக்காது.

ஸ்காட்லாந்தில் அரச குடும்பத்தின் பால்மோரல் கோட்டைக்கு அருகிலுள்ள கிராத்தியில் 1826-இல் பிறந்த பிரவுன், அங்கு ஆல்பர்ட்டின் வேட்டைகளுக்கு உடன் செல்லும் ஊழியராக இருந்தவர். அரசி குதிரையேறி வெளியே சென்றாலாவது உடலும் மனமும் தேறும் என்று நினைத்து, 1864 டிசம்பரில் பிரவுனை வைட் தீவிலுள்ள ஆஸ்போர்ன் மாளிகைக்கு வரவழைத்தார்கள். படத்தில் அவர் யாரும் கேட்காமலேயே குதிரையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நிற்பார். அரசி சினந்தும் மறுநாள் மீண்டும் வந்து நிற்பார். கட்டுரையாளர் இக்காட்சியில் காதலின் தொடக்கத்தைக் காண்கிறார். எனக்கோ, தன் வேலை எது என்பதை எசமானியைவிடத் தெளிவாக அறிந்திருந்த ஒரு தொழிலாளியின் பிடிவாதமே அதில் தெரிந்தது. பிரவுனாக நடித்த, நகைச்சுவைக் கலைஞராகப் பெயர் பெற்ற பில்லி கானலி இந்த இடத்தில் சிரிக்க வைக்க முயலாமல், குளிரில் நிற்பவனின் பொறுமையை மட்டும் காட்டியிருக்கிறார். அரசியாக வரும் ஜூடி டென்ச்சின் நடிப்பை எல்லோரும் புகழ்ந்துவிட்டதால் நான் தனியே எழுத வேண்டியதில்லை.

படத்தின் உயிர்நாடி, அதில் பிரதமராகக் காட்டப்படும் டிஸ்ரேலி பால்மோரலுக்கு வரும் பகுதி. அதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வியப்பாக இருந்தது. பிரான்சில் 1870-இல் குடியரசு ஏற்பட்டபின், முகம் காட்டாத அரசிக்கு எதற்குப் பொதுப் பணம் என்ற குரல் பிரிட்டனிலும் வலுத்தது. சார்லஸ் டில்க் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். அமைச்சர்களாலும் பிள்ளைகளாலும் அசைக்க முடியாத அரசியை லண்டனுக்குத் திரும்பச் சொல்லும்படி பிரவுனிடம் வந்து கேட்கிறார் டிஸ்ரேலி. சொன்னால் அரசியின் நம்பிக்கையை இழப்பார், சொல்லாவிட்டால் அரியணைக்கே ஆபத்து. அவர் சொல்கிறார், அரசி அதைத் துரோகமாகவே எடுத்துக்கொள்கிறார். பணியாளருக்கு விசுவாசம் என்பது எவ்வளவு பாதுகாப்பற்ற சொத்து என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய காட்சியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வரலாற்றில் 1871-இல் பிரதமராக இருந்தவர் கிளாட்ஸ்டன். மக்கள் மனம் மாறியதற்கும் பட்டத்து இளவரசர் நச்சுக்காய்ச்சலிலிருந்து பிழைத்ததும், 1872 பிப்ரவரி 27 அன்று செயின்ட் பால் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாடுமே பெரிதும் காரணம். நாடகத்துக்காக எடுத்துக்கொண்ட இந்தச் சுதந்திரத்தை நான் பொருட்படுத்தவில்லை.

வழிபாட்டுக்கு இரண்டு நாள் கழித்து, ஆர்தர் ஓகானர் என்ற 17 வயது இளைஞன் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசியை நோக்கித் துப்பாக்கியை நீட்டினான். பிரவுன் அவனைப் பிடித்தார். தங்கப் பதக்கமும் ஆண்டுக்கு 25 பவுண்டு உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தன. பிரவுனும் குறைகளற்றவர் அல்லர். அளவின்றிக் குடித்தார், அரசியின் பிள்ளைகளிடமே முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்.

அரசியின் சவப்பெட்டியில் பிரவுனின் புகைப்படமும் முடிக்கற்றையும் வைக்கப்பட்டதைக் காதலுக்குச் சான்றாகக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அரசியின் மருத்துவர் ஜேம்ஸ் ரீடின் குறிப்புகளிலிருந்து தெரியவரும் செய்திதான் இது. ஆனால் அதே பெட்டியில் ஆல்பர்ட்டின் மேலங்கியும் அவருடைய கையின் வார்ப்பும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உண்மையான சான்றுகள் இருந்திருக்கக்கூடிய இடங்கள் வேறு. 1883 மார்ச் 27 அன்று 56 வயதில் பிரவுன் இறந்தபின், அவரைப் பற்றி நூல் எழுத அரசி விரும்பினார். அந்தரங்கச் செயலர் பொன்சன்பியும் வின்ட்சர் தேவாலயத் தலைவர் டேவிட்சனும் தடுத்துவிட்டார்கள். அரசிக்குப்பின் இளவரசி பியாட்ரிஸ் தாயின் நாட்குறிப்புகளைத் தேர்ந்து படியெடுத்துவிட்டு மூலத்தை எரித்தார். முடிசூடிய மகன் ஏழாம் எட்வர்டோ பிரவுனின் மார்பளவுச் சிலைகளை உடைக்கச் செய்தார். குடும்பமே இப்படித் துடைத்தெடுத்தபின், மிஞ்சிய ஒரு புகைப்படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது முறையன்று. இயக்குநர் ஜான் மேடனும் கதாசிரியர் ஜெரமி பிராக்கும் அந்தத் தீர்ப்பை எழுதாமல் விட்டதே படத்தின் நேர்மை.

இதே அரசியின் முதுமையில், 1887-இல் ஆக்ராவிலிருந்து சென்று அவருக்கு உருது கற்பித்த அப்துல் கரீமுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1901-இல் அவரிடமிருந்த கடிதங்கள் எரிக்கப்பட்டன. அவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவரைப் பற்றி 2017-இல் வந்த படத்திலும் ஜூடி டென்ச்தான் அரசி. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, பணியாளர்களின் பக்கமிருந்து ஒரு கட்டுரையைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்