மயக்கம் தெளியும் நேரம்

அன்புள்ள நண்பா,

பக்கத்து இடத்தையும் வாங்கி ஆபரேஷன் தியேட்டர் கட்டப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டே நீ போட்ட திட்டமாயிற்றே! இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரி சேர்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கிற அங்கீகாரம் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே அமெரிக்காவில் கால்நடை ஆஸ்பத்திரிகளுக்கு அது கட்டாயமில்லை. விரும்பினால் 1933இல் தொடங்கிய ‘ஆஹா’ (AAHA) என்கிற அமெரிக்க விலங்கு ஆஸ்பத்திரிகள் சங்கத்திடம் விண்ணப்பிக்கலாம். தரவிதிகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் இதற்குள் வருவதே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆஹாவிலிருந்து ஆய்வுக்கு வந்த அம்மா கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேராக கேஸ் ஷீட்டுகளைக் கேட்டார். வலி எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறோமா, மயக்கத்தில் இருந்தபோது நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு பதிவாகியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்தார். பல் சுத்தம் செய்வதற்குக்கூட முழு மயக்கமும் மூச்சுக்குழாயில் டியூபும் வேண்டும் என்பது 2013 முதல் அவர்கள் விதி. தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடாதே.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஆபரேஷன் முடிந்த பிறகுதான். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. மயக்கம் கொடுத்ததில் நாய்களில் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் இறந்திருந்தன. அந்தச் சாவுகளில் பூனைகளில் பாதிக்கு மேலும், நாய்களில் ஏறக்குறைய பாதியும் தியேட்டரில் நடக்கவில்லை. அவை ஆபரேஷன் முடிந்தபின் நடந்தவை; அவற்றிலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள் நடந்தவையே அதிகம். தையல் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று எல்லோரும் அடுத்த கேஸுக்குப் போகிற நேரம் அது. டியூபை எடுத்த பூனை பக்கத்தில் ஆள் இருக்கிறாரா, உடம்புச் சூடு குறையாமல் பார்க்கிறாரா, எழுதி வைக்கிறாரா? இதற்கு லட்சக்கணக்கில் செலவில்லை. ஒரு ஆள், ஒரு தெர்மாமீட்டர், ஒரு தாள் போதும்.

அதனால் சான்றிதழ் கிடைக்கிறபோது கிடைக்கட்டும், நீ காத்திருக்காதே. ஆட்டோகிளேவில், அதாவது கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் பாத்திரத்தில், வைக்கிற ஒவ்வொரு பொட்டலத்துக்கு உள்ளேயும் நீராவி பட்டால் நிறம் மாறும் இண்டிகேட்டர் பட்டை போடு. வெளியே ஒட்டுகிற டேப் நிறம் மாறினால் மட்டும் உள்ளே நீராவி போய்ச் சேர்ந்தது என்று ஆகாது.

அப்புறம், கட்டட பிளான் தயாரானதும் எனக்கு அனுப்பு. மயக்கம் தெளியும்வரை பிராணிகளை வைக்கிற ரெகவரி கூண்டுகளைப் பின்கட்டில் போடச் சொல்லாதே. ஆள் நடமாடும் இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்