சிஸ்டருக்கும் ஒரு பத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்ப காலச் சர்க்கரை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதிப்பது, நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடுவது எல்லாம் தெளிவாகவே இருந்தது. கட்டுரையில் டாக்டர் வருகிறார், உணவு நிபுணர் வருகிறார், கணவர்கூட வருகிறார். நர்ஸ் மட்டும் ஒரு வரியிலும் இல்லை. இரண்டு கர்ப்பத்திலும் சர்க்கரையோடு மல்லுக்கட்டியவள் நான். அதனால் அந்தக் குறை உறுத்தியது.

முதல் தடவை என் கையில் ஓர் உணவுப் பட்டியலைக் கொடுத்து "கன்ட்ரோலா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை, வேறு மருத்துவமனை. அங்கே ஒரு சிஸ்டர் என்னை உட்காரவைத்து, இன்சுலின் பேனாவை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே போடுங்க, நான் பார்க்கிறேன்" என்றார். போட்டேன். ஊசியை எடுத்ததும் தோலின்மேல் ஒரு சொட்டு பளபளத்தது. "பாத்தீங்களா, அது உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து. பட்டனை அழுத்தினதும் எடுக்காதீங்க, பத்து எண்ணிட்டு எடுங்க" என்றார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் தினமும் கொஞ்சம் மருந்தைத் தோலில்தான் ஊற்றிக்கொண்டிருப்பேன். அளவு போதவில்லை என்று டாக்டரும் கூட்டிக்கொண்டே போயிருப்பார்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள் இருக்க வேண்டிய சர்க்கரை, வீட்டு மீட்டரில் 212 காட்டியது. பதறிப்போய் சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கை கழுவினீங்களா?" மூத்தவளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு விரலைக் குத்தியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 131. அந்த 212 என் நோட்டில் அப்படியே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். மீட்டருக்குப் பழச்சாறு தெரியாது, சிஸ்டருக்குத் தெரியும்.

பயத்தைப் போக்கியதும் அவர்தான். இன்சுலின் குழந்தையைப் பாதிக்குமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன். "இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகாது. தாண்டிப் போறது சர்க்கரைதான்" என்றார். அதற்கு அப்புறம் ஒரு ஊசியையும் நான் தவறவிடவில்லை. கூடுதலாக வரும் சர்க்கரைக்கு ஈடுகொடுக்கக் குழந்தையின் கணையம் அதிக இன்சுலின் சுரக்கும், தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுபோனாலும் அந்த இன்சுலின் உடனே குறையாது, குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார். அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைத்தபோதும், பிஞ்சுக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோதும் நான் அலறவில்லை.

என் பெரிய மனக்குறை முதல் பிரசவத்தைப் பற்றியது. "சர்க்கரை போயிடுச்சு" என்று சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும், அது சரியாக இருந்தாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இந்தச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதே எனக்கு இரண்டாவது கர்ப்பத்தில்தான் தெரியும். சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தன் உடம்பை யார் பார்க்கிறார்கள்?

நர்ஸ்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எத்தனை ஊசி போட்டார்கள், எத்தனை பேருக்கு பி.பி. பார்த்தார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறுகிறது. ஒருத்தியின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசியது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. கணக்கில் வராத வேலைக்கு ஆளும் ஒதுக்க மாட்டார்கள், நேரமும் ஒதுக்க மாட்டார்கள். சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளுக்கென்று பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், அவரோடு பேசுவதற்கென்று ஒதுக்கிய நேரம், சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு எண். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இரண்டாவது பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, அந்த சிஸ்டர் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கினார். ஆறாவது வாரத் தடுப்பூசித் தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினார்: "அம்மாவுக்கும் சர்க்கரை டெஸ்ட். சாப்பிடாமல் வரவும்." குழந்தைக்கு ஊசி போடப் போன அன்றைக்கே எனக்கும் பரிசோதனை முடிந்தது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு வாசகி