“எப்படித் தெரியும்?”: நம் பொது அறிவு மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, மூத்த உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது வழக்கம். அந்தக் கணக்கெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது; வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தோறும் நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடினோம். கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றதால் ஒரு கூட்டம் மட்டும் நடக்கவில்லை. நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, இந்த ஆண்டு நம் மன்றத்தையே புரட்டிப்போட்ட ஒரு கேள்வியைப் பற்றி.

சித்திரையில் பள்ளி மாணவர்களுக்கு நாம் நடத்திய வினாடி வினாவின் இறுதிச் சுற்று அது. “பூச்சியத்தைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று கேட்டோம். ஓர் அணி பிரம்மகுப்தர் என்றது. நம் வினாத்தொகுப்பில் இருந்த விடை ஆரியபட்டர். நடுவராக இருந்த நான் தவறு என்று அறிவித்தேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் கோப்பை கைமாறிப் போயிற்று. அந்த அணியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி மேடையை விட்டு இறங்கவில்லை. “ஆரியபட்டர்தான் என்று எப்படித் தெரியும், ஐயா?” என்று கேட்டாள். என்னிடம் இருந்த ஒரே சான்று நம் தொகுப்பின் பக்கம்தான். அந்தத் தொகுப்பை அச்சிட்டவர்களும் நாம்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தை முழுவதும் இதற்கே ஒதுக்கினோம். ஆரியபட்டரின் நூல் கி.பி. 499ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடம் பத்து மடங்கு என்று எண்களின் இட மதிப்பை அவர் தெளிவாகச் சொல்கிறார். ஆனால் தம் நூலில் எண்களை எழுத்துகளால் குறிக்கிறார். பூச்சியத்துக்கென்று ஒரு குறியோ கணக்கு விதியோ அதில் இல்லை. பூச்சியத்தை ஓர் எண்ணாகவே ஏற்று, அதைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று 628இல் விதி எழுதியவர் பிரம்மகுப்தர். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே என்றது மட்டும் அவருக்குச் சறுக்கல். கல்லில் பொறித்த பூச்சியம் என்று தேடினால் குவாலியர்க் கோயிலில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைக்கிறது. அதற்கும் முன்னே, சக ஆண்டு (கி.பி. 78இல் தொடங்கும் ஆண்டுக் கணக்கு) 605 என்பதைப் புள்ளியிட்டு எழுதிய கம்போடியக் கல்வெட்டு இருக்கிறது. அது கி.பி. 683. ஆக, ஒருவர் பெயரை விடையாகச் சொல்லக்கூடிய கேள்வியே இல்லை அது. அப்படியே ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மாணவி சொன்ன பெயரே உண்மைக்கு அருகில் இருந்தது.

இவ்வளவும் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரம். பின்வரிசையில் இருந்த நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், “எல்லா ஊரையும் சொன்னீர்கள், நம் ஊரை விட்டுவிட்டீர்களே” என்றார். எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்டோம்.

அவர் சொன்னது லோகவிபாகம் என்னும் சமண நூலைப் பற்றி. உலகின் அமைப்பு, தீவுகள், கடல்கள், சூரிய சந்திரர்கள் என எல்லாவற்றுக்கும் அளவு சொல்லும் நூல் அது. முதல் நூலோடு தொடர்புடையவர் சர்வநந்தி என்னும் முனிவர். அதைப் பின்னாளில் சிம்மசூரி என்பவர் வடமொழியில் ஆக்கியதே இன்று நம் கைக்குக் கிடைப்பது. நூலின் முடிவில் ஒரு குறிப்பு இருக்கிறது: காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், பாண நாட்டுப் பாடலிகையில் சர்வநந்தி இதை எழுதி முடித்தார் என்பது அதன் செய்தி. 380உடன் 78ஐக் கூட்டினால் 458. பாடலிகை என்பது கடலூரைச் சேர்ந்த நம் திருப்பாதிரிப்புலியூரே என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். முற்காலப் பல்லவர்களின் காலத்தைக் கணிப்பதற்கு வரலாற்றாசிரியர்கள் பற்றிக்கொள்ளும் கயிறுகளில் இந்தக் குறிப்பும் ஒன்று.

அந்த நூலில் பெரிய எண்கள் சொற்களாக வருகின்றன. ஐந்து சூன்யம், பிறகு இரண்டு, ஏழு, அம்பரம், ஒன்று, மூன்று, ரூபம் என்று ஓரிடம். அம்பரம் என்றால் வானம், அதாவது பூச்சியம். ரூபம் என்றால் ஒன்று. வலப்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே போனால் 13107200000 கிடைக்கும். ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கோடியே எழுபத்திரண்டு இலட்சம். தமிழாசிரியர் சொல்லச் சொல்ல அந்த மாணவி கரும்பலகையில் எழுதினாள். நடுவில் வரும் வானம் மட்டும் இல்லை என்றால் எண்ணே மாறிவிடும் என்று அவளே சொன்னாள். இத்தனை ஆண்டு மன்றப் பணியில் நான் கண்ட சிறந்த மணித்துளி அதுதான்.

மன்றத்தின் புது விதிப்படி மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். 458 என்பது சர்வநந்தியின் நூலுக்கு உரிய ஆண்டு. நம் கையில் இருப்பதோ பிற்கால வடமொழி நூல். இந்த எண் சொற்கள் முதல் நூலிலேயே இப்படி இருந்தனவா என்பதை அறிய முதல் நூல் கிடைக்கவில்லை. ஆகவே “பூச்சியம் பிறந்த ஊர் கடலூர்” என்று சுவரொட்டி அடிக்கலாம் என்று வந்த யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. ஊர்ப்பற்று எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த முடிவு சரியானது.

பாடலிகையில் சமணப் பள்ளி, அதாவது துறவியர் மடம், இருந்ததற்கு இன்னொரு சாட்சி சைவத்திலிருந்தே வருகிறது. திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்த சமணப் பள்ளி இந்த ஊரில்தான் இருந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. பின்னர் மன்னன் அப்பள்ளியை இடித்து அந்தப் பொருள்களைக் கொண்டு திருவதிகையில் கோயில் எடுத்தான் என்றும் அதுவே சொல்கிறது. இரண்டு சமயங்கள், இரண்டு நூல்கள், இடையில் பல நூற்றாண்டுகள். இரண்டும் ஒரே ஊரைச் சுட்டுகின்றன. பாடலீசுவரர் கோயிலின் தலமரமாகிய பாதிரி மரத்தின் கீழ் ஆடி மாதக் கூட்டத்தின் ஒரு பகுதியை நடத்தினோம். குறிஞ்சிப்பாட்டுப் பூக்களில் ஒன்று அது; மருத்துவர்கள் சொல்லும் தசமூலம் என்னும் பத்து வேர்த் தொகுப்பிலும் அதன் வேர் உண்டு. ஊரின் பெயரில் மரத்தைச் சுமந்துகொண்டு, அந்த மரத்தை அடையாளம் தெரியாமல் நம்மில் பாதிப்பேர் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம்.

செயற்குழு எடுத்த முடிவுகள் இரண்டு. முதலாவது, சித்திரைக் கோப்பை இரண்டு அணிகளுக்கும் பொது. அந்த மாணவியின் பள்ளிக்கே சென்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் தீர்ப்பு தவறு என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது, இனி நம் தொகுப்பில் விடைக்கு அருகில் சான்றும் அச்சாக வேண்டும். அறுநூறுக்கு மேற்பட்ட பழைய வினாக்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் இதுவரை சரிபார்க்க முடிந்தது. நீக்கியவற்றில் சிலவற்றைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதி வைத்திருந்தோம். காலையிலோ மாலையிலோ அங்கே போய் நிற்பவர் எவரும் அந்த நிழலில் நடக்கலாம். 1010இல் முடிந்த அந்த விமானத்துக்குப் பெருமை சேர்க்க இல்லாத அற்புதம் தேவையில்லை. சந்திரனிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் போயிற்று. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதும் போயிற்று. அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று மத்திய அரசே 2012இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் தந்திருக்கிறது. புதுச்சேரி எப்போது இந்தியாவோடு சேர்ந்தது என்ற வினாவை இரண்டாகப் பிரித்தோம்: நடைமுறையில் 1954 நவம்பர் 1, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16.

சமய வினாக்களில்தான் அதிக விவாதம். சிலருக்கு மனம் புண்பட்டதும் உண்மை. கல்லோடு கடலில் விடப்பட்ட அப்பர் பெருமான் கரையேறிய ஊர் எது என்ற வினாவை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சாரார் கூறினார்கள். அப்படியே இருக்கட்டும் என்றார்கள் இன்னொரு சாரார். “பெரியபுராணத்தின்படி” என்று ஒரு சொல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டோம். நம்பிக்கையை எடைபோட நமக்கு உரிமை இல்லை. எந்த நூல் என்ன சொல்கிறது என்பதைப் பிழையில்லாமல் சொல்லும் கடமை இருக்கிறது. குர்ஆன், விவிலியம் பற்றிய வினாக்களையும் அந்தந்தச் சமயத்து உறுப்பினர்களே சரிபார்த்துத் தந்தார்கள்.

ஆவணியில் வேன் வைத்து விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குச் சென்றோம். மணற்கல்லில் படுத்துக் கிடக்கும் கல்மரங்களுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு வயது. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். வண்டலில் புதைந்த மரத்துக்குள் மணற்சத்து (சிலிக்கா) கரைந்த நிலத்தடி நீர் ஊறி, அணு அணுவாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையமும் மரத்தின் ரேகையும் அப்படியே இருக்க, கை வைத்தால் கல். பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னேரா 1781இலேயே இவற்றைப் பதிவு செய்தவர். வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் என்பது ஊர் வழக்கு. அந்தப் பாறைத் தொகுதிக்கு நிலவியல் நூல்களில் கடலூர் மணற்கல் என்றே பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேலே கிடப்பதும் அந்த மணற்கல் தொகுதிதான். ஓரிடத்தில் மரம் கல்லாயிற்று. இன்னோரிடத்தில் சதுப்பில் காற்றுப் படாமல் கிடந்து கரியாயிற்று.

செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடினோம். இரவு 10 மணிக்குச் சற்று முன் நிழல் கடிக்கத் தொடங்கி, 11 மணி அளவில் முழுதும் மறைந்து, 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்றது சந்திரன். பூமியின் காற்று மண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துச் சிவப்பை மட்டும் வளைத்து அனுப்புவதால் அந்த நிறம். விரதம் இருந்தவர்களும் வந்தார்கள். சுண்டல் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ராகு, கேது என்று பஞ்சாங்கம் சொல்பவை சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் என்று விளக்கினோம். பாதைகளுக்கிடையே 5 பாகை சாய்வு இருப்பதால்தான் பௌர்ணமி தோறும் கிரகணம் வருவதில்லை.

இடையிடையே மேகம் வந்தது. அப்போதுதான் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தியின் கதையைச் சொன்னேன். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்த்துப் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை அளக்க அவர் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் ஆடும் கப்பலில் இருந்தபடி பார்க்க நேர்ந்தது; அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் மேகம் மூடிக்கொண்டது. 1771இல் நாடு திரும்பினால், இறந்துவிட்டார் என்று சொத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. நம் மக்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் தமிழ்க் கணிதத்தின் பிழை 41 விநாடி. அவர் வைத்திருந்த ஐரோப்பிய அட்டவணையின் பிழை 68 விநாடி. பிறகு 1825இல் ஜான் வாரன் என்னும் அதிகாரி (கோலார் தங்கத்தைப் பற்றி 1802இல் ஆராய்ந்தவர்) புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டார். தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை (எண்களைக் குறிக்கும் சொற்றொடர்களை) கொண்டே அவர் ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான். முடிவில் அது 52 நிமிடமாயிற்று. பிழையையும் சேர்த்தே சொன்னேன். ஏட்டையே திறக்காமல் வாய்வழியாகக் காத்த கணக்கு அது என்பதை எண்ணினால் எனக்குக் கண் கலங்குகிறது.

நாங்களும் சோழி வைத்துக் கணக்கிட்டோம். 223 பௌர்ணமிகளுக்கு ஒருமுறை, 18 ஆண்டும் 10 அல்லது 11 நாளும் 8 மணி நேரமும் கழித்து, அதே கிரகணம் திரும்பும். இதன் முன்னது 2007 ஆகஸ்ட் 28. அந்த 8 மணி நேரத்தால் நமக்கு அது பகலில் நடந்தது. அடுத்தது 2043 செப்டம்பர் 19; முழு மறைப்பு நமக்கு விடிந்தபின் நடக்கும்.

ஆழ்ந்த வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்: லோகவிபாகத்தை நமக்கு அறிமுகம் செய்த தமிழாசிரியர் ஐப்பசியில் காலமானார். கிரகணத்தன்று மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோழிகளை எண்ணித் தந்தவர் அவர்தான். அவருடைய குறிப்பேடுகளைக் குடும்பத்தார் மன்றத்துக்கே அளித்திருக்கிறார்கள். அவருக்காக எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.

(மௌன அஞ்சலி)

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கவும். சான்றுகளோடு கூடிய புதிய தொகுப்பின் முதல் பகுதியைச் சித்திரைக்குள் அச்சிட எண்ணம். சரிபார்க்க இன்னும் நான்கைந்து பேர் வேண்டும். அந்த மாணவி பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

2026 மார்ச் 3 அன்று மறுபடி சந்திர கிரகணம். முழு மறைப்பு நமக்குப் பகலிலேயே முடிந்துவிடும். மாலை ஏறத்தாழ 6.20க்குச் சந்திரன் கடலிலிருந்து எழும்போதே ஒரு பக்கம் நிழல் கடித்திருக்கும். 6.47க்கு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே 6 மணிக்கே தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். சோழி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்