ஓவியக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? – நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் ஓவியக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஊர்ப் பெயரையும் கூடத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் படித்தால் தங்கள் ஊர்க் கூடத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும், பெரிய வித்தியாசம் இருக்காது. நான் முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மே மாதம் நீங்கள் நடத்திய ஐந்து நாள் கோடை முகாமுக்கு ஒத்தாசைக்கு வரச் சொன்னீர்கள், வந்தேன். அங்கே பார்த்ததைக் குழுக் கூட்டத்தில் சொல்ல இரண்டு முறை அனுமதி கேட்டேன். “அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம் சார்” என்று பதில் வந்தது. அந்த அடுத்த கூட்டம் இன்னும் வந்த பாடில்லை. அதனால்தான் இந்த மடல்.

முகாம் நடந்தது கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில். நாற்பது பிள்ளைகள், இரண்டு மின்விசிறிகள். அதே வாரம் முன்கூடத்தில் ஒரு நீர்வண்ண ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வரைந்தவர் பக்கத்து ஊர்க்காரர். காவிரிப் படித்துறையையும் கடைத்தெருவையும் திரும்பத் திரும்ப வரைகிறவர். சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் அச்சடித்த மயில் படத்துக்குள் கோடு தாண்டாமல் கிரேயான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் முப்பது அசல் ஓவியங்கள் பார்க்க ஆளில்லாமல் தொங்கின. நடுவில் ஒரு கதவு. அதில் ஒரு பூட்டு. சாவி எங்கே என்று வாட்ச்மேன் தம்பியைக் கேட்டால் “ஆபீஸ்ல இருக்கு சார்” என்கிறார். ஆபீஸில் கேட்டால் “செகரெட்டரி சார் வரணும்.”

செகரெட்டரி சார் நான்காம் நாள் வந்தார். கதவு திறந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையைப் பின்னால் கட்டச் சொல்லி, ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வெளியே கொண்டுவந்தோம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்த ஒரு விஷயத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். மழை அப்போதுதான் விட்ட கடைத்தெரு. தேங்கிய தண்ணீரில் டியூப்லைட் வெளிச்சம் நீளமாக விழுந்து நடுங்குகிற மாதிரி இருக்கும் படம். “சார், இந்த வெள்ளை எந்தக் கம்பெனி பெயின்ட்?” என்று கேட்டாள். அது பெயின்ட் இல்லைம்மா, காகிதம் என்றேன். நம்பவில்லை. படத்தின் கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். நீர்வண்ணத்தில் பொதுவாக வெள்ளை பூசுவதில்லை, வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டுச் சுற்றிலும் நிறத்தை ஓடவிடுவார்கள், விட்ட இடம்தான் இங்கே தண்ணீரில் மின்னுகிறது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் மெதுவாக, “வெள்ளை விட்டா மார்க் குறைப்பேன்னு மிஸ் சொன்னாங்களே சார்” என்றாள்.

அதற்குள் பின்னாலிருந்து “நகரு, நகரு” என்று குரல் வந்துவிட்டது.

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பேப்பரில் இடம் விடாதே என்று முப்பத்தோரு வருடம் நானும்தான் சொல்லியிருக்கிறேன். இயற்கைக் காட்சி வரை என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கிவரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, டிக் அடித்த மாதிரி நான்கு பறவைகள். நம் மாவட்டத்தில் ஏது ஐயா மலை? கண்ணுக்கு எட்டிய தூரம் வயலும் வாய்க்காலும்தான். ஆனாலும் என்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளையும் மலை வரைந்தது. கரும்பலகையில் மலை போட்டது நான். போட்டிக்கு அனுப்பினால் அதற்குத்தான் பரிசு கிடைத்தது. ஒரு நல்ல ஓவியத்துக்கு முன்னால் அவர்களைக் கூட்டிப்போய் நிறுத்த எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது, கதவுக்கு அந்தப் பக்கத்திலேயே. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் மயிலுக்கு நிறம் அடிக்கச் சொன்னால் எப்படி?

நான் கேட்பது ஒன்றுதான். பயிலரங்கை ஓவியங்களுக்கு முன்னால் நடத்துங்கள். ஈரமான வண்ணத்தை உள்ளே கொண்டுபோனால் தரை பாழாகும், ஓவியங்களுக்கும் ஆபத்து என்று ஒருவர் சொன்னார். சரியான பேச்சு. பெரிய அருங்காட்சியகங்களிலேயே பென்சிலுக்கு மட்டும்தான் பெரும்பாலும் அனுமதி. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். காலையில் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, பார்த்துப் பென்சிலால் வரையட்டும். அரை மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்த பிள்ளை கேட்கும் கேள்வியே வேறு. அப்புறம் கொட்டகைக்கு வந்து வண்ணத்தைத் தொடட்டும். வரைந்தவரையும் ஒரு நாள் காலையில் கூப்பிடுங்கள். பொன்னாடை வேண்டாம், ஒரு பிரஷ்ஷும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள். அவர் கை எங்கே நிற்கிறது, எந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறது என்று பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் போதும்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகாமில் கொடுத்த சார்ட் பேப்பர் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள காகிதம் வேண்டும். விலை அதிகம்தான், முழுத் தாளை எட்டாக வெட்டிக் கொடுத்தால் கட்டுப்படியாகும். உள்ளங்கை அகலக் காகிதத்தில் தெளிவாக ஒரு படித்துறை வரைய முடியும்.

படங்கள் மாட்டியிருக்கும் உயரத்தையும் கவனியுங்கள். ஓவியத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கும்படி மாட்டுவதுதான் உலகமெங்கும் வழக்கம். அது நின்று பார்க்கும் பெரியவர்களின் கண் மட்டம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் அதற்கு ஓர் அடி கீழே இருக்கிறது. எல்லாப் படத்தையும் இறக்க வேண்டாம், ஒரு சுவரை மட்டும் அவர்களுக்குத் தாழ்த்திக் கொடுங்கள். பெயர்ச்சீட்டுகளைத் தமிழில் எழுதுங்கள். “அன்டைட்டில்ட், அக்ரிலிக் ஆன் கேன்வாஸ்” என்று ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிவைத்துவிட்டு மக்கள் வருவதில்லை என்று வருத்தப்படுவது நன்றாகவா இருக்கிறது?

மேற்கு ஜன்னல் விஷயம் அவசரமானது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அந்தச் சுவரில் அடிக்கிறது. காகிதத்தில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே போதும் என்று அருங்காட்சியகங்கள் அளவு வைத்திருக்கின்றன. நேர் வெயில் அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. சில நீர்வண்ணங்கள் வெளுத்தால் வெளுத்ததுதான், திரும்ப வராது. லக்ஸ் மீட்டர் வாங்கச் சொல்லவில்லை. இரண்டு மூங்கில் தட்டி கட்டினால் போதும், நானே ஆள் பார்த்துத் தருகிறேன்.

அப்புறம் நேரம். காலை பத்து முதல் மாலை ஐந்து, ஞாயிறும் அரசு விடுமுறையும் விடுமுறை. வங்கி மாதிரி. பள்ளிப் பிள்ளையும் வேலைக்குப் போகிறவரும் எந்த நாள் வருவது? திறப்பு விழா அன்று மட்டும் கூடம் நிரம்புகிறது. குத்துவிளக்கு, வாழ்த்துரை, மிக்சர், காபி, குரூப் போட்டோ. போன முறை மேடைக்குப் பின்னால் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் ஐந்து ஓவியங்களை மறைத்துக்கொண்டிருந்தது. மறுநாளும் யாரும் அதை அவிழ்க்கவில்லை, நான்தான் அவிழ்த்தேன். திங்கட்கிழமை விடுமுறை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்களேன், மூன்று மாதம் மட்டும்.

யார் சொல்லிக்கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. களிமண் வகுப்பு என்று போட்டு, பாக்கெட்டில் அடைத்த கலர் களிமண்ணைக் கொடுத்தீர்கள். பஸ் ஏறினால் சுவாமிமலை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற ஸ்தபதிகள் அங்கே இன்றும் வேலை செய்கிறார்கள். உலோகம் ஊற்றுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரு கை மெழுகும் ஒரு கை வண்டலும் கொடுத்தால் ஐந்து நாளும் அதிலேயே போய்விடும். சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலில் தொங்கவிடும் குழாய் வடிவத் துணியான தொம்பையும், தேரில் கட்டும் தேர்ச்சீலையும் கலம்காரியில், அதாவது துணியில் எழுதுகோலால் வரைந்து சாயமேற்றும் முறையில், எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் அந்தக் கலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கூடத்தில் ஒரு தொம்பைகூட இதுவரை தொங்கியதில்லை.

பள்ளிகளில் பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரைப் பகுதிநேரமாக அரசு எடுத்தது. வாரம் மூன்று அரை நாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகை கூடியிருக்கிறது, ஆனால் இன்றும் அதை வைத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம். கூடத்தின் வாரயிறுதி வகுப்புகளை நம் பக்கத்தில் இருக்கும் அந்த ஆசிரியர்களிடம் கொடுத்து, சம்பளமும் கொடுங்கள். “கலைச்சேவை” என்று சொல்லிச் சான்றிதழோடு அனுப்பிவிடாதீர்கள். எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தீர்கள், என் பெயரில் எழுத்துப்பிழை.

பணம் எங்கே என்பீர்கள். கூடத்தைத் தள்ளுபடிச் சேலை விற்பனைக்கு வாடகைக்கு விடுவது பணத்துக்குத்தான் என்று தெரியும். சேலை விற்பதில் தப்பில்லை, நானே அங்கே இரண்டு வேட்டி வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓவியர்களுக்குப் பணத்தட்டுப்பாடு நேற்று வந்ததில்லை. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியப் பள்ளியில் அவரிடம் படித்தவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உண்டாக்கியபோது, நிலம் வாங்கக் கைகொடுத்தது அவர்கள் மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்ற காசு. நாளின் ஒரு பாதி வயிற்றுக்கு, மறு பாதி ஓவியத்துக்கு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லினோ என்ற மிருதுவான பலகையில் செதுக்கி அச்செடுக்கும் பயிலரங்கு ஒன்று நடத்துங்கள். அச்சு இயந்திரமே வேண்டாம், மை தடவிக் காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இறங்கும். ஒரு பலகையிலிருந்து ஐம்பது பிரதி தாராளமாக எடுக்கலாம். வாசலில் ஒரு மேசை போட்டு அஞ்சலட்டை அளவில் விற்றால், விற்ற காசில் ஒரு பங்கு செதுக்கியவருக்கு, மீதி கூடத்துக்கு.

கட்டணமும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. 1,500 ரூபாய் வைத்தீர்கள். நாற்பது பேரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர். வெள்ளையைப் பற்றிக் கேட்டாளே, அவள் அந்த நான்கில் ஒருத்தி. கடைசி நாள் முகாமில் அவள் வரைந்தது ஒரு சைக்கிள் கடை. டயருக்குள் ஆரக்கம்பிகளைப் பெயின்டால் போடாமல், கறுப்பைச் சுற்றிலும் ஓடவிட்டு, கம்பிகளை வெள்ளையாக விட்டிருந்தாள். பாதி இடத்தில் கறுப்பு உள்ளே ஒழுகிவிட்டது. மீதிப் பாதியில் கம்பிகள் நின்றன. பரிசு வழக்கம்போல இரண்டு மலைக்குப் போனது. நான் அந்த நடுவர் குழுவில் இருந்தேன், மூன்றில் ஒரு ஓட்டு என்னுடையது, தோற்றுவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கூடத்து வாசலுக்கு வருகிறேன். அந்த நான்கு பிள்ளைகளின் வீட்டிலும் சொல்லிவிட்டேன், அனுப்புவதாகச் சொன்னார்கள். பாயும் பென்சிலும் என் செலவு. உங்களில் யாராவது ஒருவர், சாவி அன்று யாரிடம் இருக்கும் என்று சனிக்கிழமைக்குள் ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவன்