கால் வீங்கினாலே யானைக்கால் இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல யானைக்கால் நோய் கட்டுரை படிச்சேன், கொசு, ராத்திரி எடுக்கிற ரத்த டெஸ்ட், மாத்திரைன்னு எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா கால் வீங்கினாலே அதுதான்னு படிக்கிறவங்க நினைச்சிடுவாங்க. என் பொண்ணு பொறக்கும்போதே ரெண்டு பாதமும் வீங்கித்தான் இருந்துச்சு. வயித்துக்குள்ள எந்த கொசுங்க வந்து கடிக்கும்? அப்படியும் அவளுக்கு மூணு வயசுல ஒரு இடத்துல யானைக்கால் மாத்திரைதான் எழுதிக் கொடுத்தாங்க.

கடைசில ஜீன் டெஸ்ட்லதான் தெரிஞ்சது, மில்ராய் நோய்னு, அதாவது பொறப்புலயே நிணநீர்க் குழாய் சரியா வேலை செய்யாத நோய்.

ரத்தக் குழாய்ல இருந்து கசியிற நீரை திரும்ப ரத்தத்துல கொண்டு சேர்க்கிறது நிணநீர்க் குழாய். கருவுல அது சிரைல, அதாவது ரத்தத்த இதயத்துக்குத் திரும்பக் கொண்டு போற குழாய்ல இருந்துதான் கிளம்புதுன்னு ஃப்ளோரன்ஸ் சேபின்ங்கிற அமெரிக்க அம்மா 1902லயே பன்றிக் கருவுல மை ஏத்திப் பாத்து சொன்னாங்க. எப்படி கிளம்புதுன்னு 1999ல எலிய வச்சு கண்டுபிடிச்சாங்க. எலி ஒம்பது பத்து நாள் கருவா இருக்கும்போது பெரிய சிரைல சில செல்லுல மட்டும் ப்ராக்ஸ்1னு ஒரு ஜீன் வேலைய ஆரம்பிக்குது, அதோட அந்த செல் நிணநீர்க் குழாய் செல்லா மாறிடுது, அந்த ஜீன எடுத்துட்டா குழாயே உருவாகல, குட்டி பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துடுது. மாறின செல்ல சிரைய விட்டு வெளிய வர கூப்பிடுறது விஇஜிஎஃப்-சிங்கிற புரதம். அந்தக் கூப்பாடு செல்லுக்குக் கேக்கணும்னா அதுக்கு ஒரு ஏற்பி வேணும், அத செய்யிற எஃப்எல்டி4 ஜீன்லதான் எங்க பொண்ணுக்கு ஒரு எழுத்து மாறியிருக்கு, அதனால கால்ல நிணநீர்க் குழாய் சரியா வேலை செய்யல.

நிறைய பேருக்கு இது அப்பா அம்மாகிட்ட இருந்து வரும், எங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, அந்த மாத்தம் இல்ல, அவளுக்கு புதுசா வந்திருக்கு. ஆனா கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா, என்னத்த தின்னேன்னு சொந்தக்காரங்க கேட்ட கேள்விய என் மனைவி ஆறு வருஷமா மனசுல சுமந்துகிட்டு இருந்தா. ரிப்போர்ட் வந்த அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதா.

இதுக்கு யானைக்கால் மாத்திரை பயன்படாது. இறுக்கமா கட்டுற பேண்டேஜ், தோல சுத்தமா வச்சுக்கிறது, சின்ன புண் வந்தாலும் உடனே பாக்குறது, இதுதான் வழி. பொறந்ததுல இருந்தே வீக்கம் இருந்தா ஜீன் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்கன்னு அடுத்த கட்டுரைல ஒரு வரி சேத்துப் போடுங்க ஐயா.

ஒரு அப்பா,
திண்டுக்கல்