படம் பிள்ளையின் கையிலிருந்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 28 ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறையில் திரை வைத்துப் படமும் அனிமேஷனும் காட்டிப் பாடம் நடத்துவது பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். படம் இருந்தால் பாடம் புரியும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது யார் வரைந்த படம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. திரையில் ஓடும் படத்தைப் பிள்ளை பார்க்கிறது, தலையாட்டுகிறது, மணி அடித்ததும் போய்விடுகிறது. அந்தத் தலைக்குள் என்ன படம் பதிந்தது என்று நமக்குத் தெரிவதே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரே வழி, பென்சிலைப் பிள்ளையின் கையில் கொடுப்பதுதான்.

ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு கயிற்றில் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாயிற்று, மீதி 18 மீட்டர், முழுக் கயிறு எவ்வளவு? பாதிப் பேர் 18ஐ ஐந்தில் இரண்டால் பெருக்கி 7.2 என்று எழுதினார்கள். மீதியே 18 மீட்டர் இருக்கும்போது முழுசு எப்படி 7.2 ஆகும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சரி, எண்ணை எல்லாம் விடுங்கள், நடந்ததை வரையுங்கள் என்றேன். முதல் பெஞ்சில் ஒரு பையன் கயிறு வரைந்தான். முறுக்கு முறுக்காக, ஒவ்வொரு இழையும் தெரியும்படி. பக்கத்தில் கத்தரிக்கோல், அதன் பிடியில் நிழல்கூட விழுந்திருந்தது. கணக்கு அப்படியே நின்றது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் ஒரு நீளமான கட்டம் போட்டு அதை ஐந்தாகப் பிரித்தான். இரண்டு அறைகளில் கோடு அடித்தான். மிச்சம் மூன்றையும் கீழே ஒரு வளைவால் சேர்த்து 18 என்று எழுதினான். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ ஒரு அறைக்கு ஆறு!” என்று சத்தமாகச் சொன்னான். முழுக் கயிறு 30 மீட்டர் என்பதை அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று நான் கத்தரிக்கோல் படத்தைத்தான் எல்லோருக்கும் தூக்கிக் காட்டிப் பாராட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. மேரி ஹெகார்ட்டி, மரியா கொசெவ்னிகோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள் என்று பிறகு படித்தேன். கணக்கில் வரும் பொருளின் தோற்றத்தை மனதில் கொண்டுவருகிறவர்களைவிட, எது எதற்கு எவ்வளவு என்ற உறவைக் கொண்டுவருகிறவர்கள்தான் கணக்கை நன்றாகப் போடுகிறார்கள். சிங்கப்பூரில் 1980களிலிருந்தே தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில், அந்த இரண்டாவது பையன் போட்டது போன்ற அறை பிரித்த நீளக் கட்டத்துக்கு, அதாவது பட்டைப் படத்துக்கு, இடம் இருக்கிறது. ஓவியம் வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான்: கட்டம் போடத் தெரிந்தால் போதும்.

எட்டாம் வகுப்பில் நடந்தது இதைவிட முக்கியமானது. கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்று கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். வார்த்தையில் கேட்டவரை “பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்” என்று சரியான பதில்தான் வந்தது. பல ஆண்டுகள் அதற்கு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறை, எழுத வேண்டாம், வரைந்து காட்டுங்கள் என்றேன். முப்பது தாளில் இருபதுக்கும் மேல் ஒரே படம். நீளமான முட்டை, அதன் ஒரு முனையை ஒட்டிச் சூரியன், சூரியனுக்குப் பக்கத்தில் பூமி வரும் இடத்தில் ‘கோடை’, எதிர்முனையில் ‘குளிர்’. அச்சு சாய்வு என்று வாய் சொன்னது வெறும் மனப்பாடம். உள்ளே இருந்த படம் வேறு.

அந்த முட்டை எங்கிருந்து வந்தது என்று தேடினால், பாடநூலிலேயே இருக்கிறது. பூமியின் பாதையைப் பக்கவாட்டில் சாய்த்து வரைந்திருக்கிறார்கள். வட்டமான தட்டைச் சாய்த்துப் பிடித்தால் நீண்டு தெரிவது போல அதுவும் நீண்டு தெரிகிறது. வரைந்தவர்மேல் தப்பில்லை. ஆனால் இது சாய்ந்த பார்வை என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு குண்டூசி, ஒரு நூல் வளையம், பென்சில் வைத்து உண்மையான அளவில் வரைந்தோம். பாதை 10 சென்டிமீட்டர் அகலம் என்றால் இரண்டு குண்டூசிக்கும் இடையில் 2 மில்லிமீட்டர்கூட வரக்கூடாது. ஒரு குண்டூசிதான் சூரியன். அது நடுவிலிருந்து 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் விலகி நிற்கும். வரைந்து முடித்ததும் ஒரு பெண், “மிஸ், இது வட்டம்தானே!” என்றாள். கண்ணால் பார்த்தால் வட்டம்தான். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. அந்த ஜூலையில்தான் வட அரைக்கோளத்துக்குக் கோடை, தென் அரைக்கோளத்துக்குக் குளிர். அவர்கள் வரைந்த முட்டை இதற்கு எந்தப் பதிலும் சொல்லாது. தாங்கள் வரைந்ததைத் தாங்களே அழித்துத் திருப்பி வரைந்தார்கள். நான் நடத்திய பாடங்களிலேயே உண்மையாக நடந்த பாடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறொன்று செய்வேன். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் வெளியிட்ட நான்கு சிறு அட்டவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்துச் சராசரி எடுக்கச் சொல்வேன். நான்கு குழுவுக்கும் ஒரே விடை வரும்: முதல் வரிசைக்கு 9, இரண்டாவதற்கு 7.5. பார்த்து எழுதினாயா என்று சண்டையே நடக்கும். பிறகு கிராஃப் தாளில் புள்ளி வைக்கச் சொன்னால் வகுப்பு அடங்கிவிடும். ஒன்றில் புள்ளிகள் ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். ஒன்று வளைந்து எழுந்து இறங்கும். ஒன்று நேர்கோடு, ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக மேலே. நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, ஒன்று மட்டும் தூரத்தில் கிடக்கும். சராசரி மறைத்துவைத்ததைப் படம் காட்டிக்கொடுக்கிறது என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

சில பெற்றோர் வந்து, “என் பிள்ளை பார்த்துப் படிக்கிறவன் மிஸ், படம் போட்டால்தான் ஏறும்” என்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் படிக்கிறவர், கேட்டுப் படிக்கிறவர் என்று பிரித்து அதற்குத் தக்கபடி நடத்தினால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் அவருடன் சேர்ந்த உளவியலாளர்களும் 2008இலேயே எழுதிவிட்டார்கள். படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும், சொல்லும் எல்லோருக்கும் வேண்டும். ஒரு மாணவி என்னிடம் தயங்கித் தயங்கி, “கண்ணை மூடிக் கற்பனை பண்ணுங்க என்று சொல்கிறீர்கள், எனக்கு எதுவுமே தெரியவில்லை மிஸ்” என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். மனக்கண்ணில் படமே எழாதவர்கள் சிலர் உண்டு, அதற்கு 2015இல் அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாளில் வரைந்துகொள்வது இன்னும் அதிகமாகவே தேவைப்படலாம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் போதும். திரையைப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் வரையட்டும், பிறகு திரையில் வருவதோடு தங்கள் படத்தை ஒப்பிட்டு, எங்கே மாறுகிறது என்று பக்கத்திலேயே எழுதட்டும்.

உண்மையான தடை விடைத்தாள் திருத்துவதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், கட்டம் போட்டு யோசித்துச் சரியான விடையும் எழுதிய மாணவனின் தாளில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, “இங்கே கிறுக்காதே” என்று எழுதியிருந்தார்கள். அடுத்த தேர்வில் அவன் எதுவும் வரையவில்லை. ஸ்கேல் வைத்து, பாகம் குறித்து, பாடநூலில் உள்ளபடியே போட்ட படத்துக்கு மதிப்பெண் உண்டு. யோசிப்பதற்காகப் போட்ட படத்துக்குத் தண்டனையா? வினாத்தாள் எடுப்பவர்கள் கணக்குத் தாளில் வலது பக்கம் கால்வாசி இடத்தை ‘படம் போட்டுப் பார்க்க’ என்று ஒதுக்கித் தர வேண்டும். விடை தவறிப்போனாலும், படத்தில் உறவு சரியாக வந்திருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் தர வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் வண்ணப் படத்தோடு அறிவியல் செய்தி போடுகிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் செய்தியைப் போட்டுவிட்டு, படம் வர வேண்டிய இடத்தை வெறும் கட்டமாக விடுங்கள். பிள்ளைகள் அதில் வரையட்டும். உங்கள் படத்தை மறுநாள் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்