பல் மருத்துவர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் பல் மருத்துவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் பள்ளி முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சாப்பாட்டு நேரத்துக்குச் சேரும் கூட்டம் உரைக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நாம் அதிகம் விவாதித்த விஷயத்துக்கு, அதாவது பல்வலிக்கு நாம் ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்துக்கு, வருகிறேன்.

நவம்பர் 18 முதல் 24 வரை உலக ஏ.எம்.ஆர். விழிப்புணர்வு வாரம். ஏ.எம்.ஆர். என்பது ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளுக்குக் கிருமிகள் மசியாமல் போவது. பேனர் பிடித்துப் படம் எடுப்பதோடு முடித்துக்கொள்ளாமல், இந்த முறை ஒவ்வொருவரும் தாங்கள் எழுதிய மருந்துச் சீட்டுகளின் நகல்களை, பெயர்களை மறைத்துக் கொண்டுவரக் கேட்டிருந்தோம். மேசையில் பரப்பியபோது பாதிக்கு மேல் ஒரே கை எழுதியது போலிருந்தது. மேலே பல் எண் 46, அதாவது வலது கீழ்க் கடைவாய்ப் பல். கீழே அமாக்சிசிலின் 500, மெட்ரோனிடசோல் 400 என்று இரண்டு ஆன்டிபயாடிக், மூன்று வேளை, ஐந்து நாள். அப்புறம் ஒரு வலி மாத்திரை, வயிற்றுக்கு பான்டோப்ரசோல். காய்ச்சல் உண்டா, முகம் வீங்கியிருக்கிறதா, வாய் திறக்க முடிகிறதா? ஒரு வரிகூட இல்லை. சிலவற்றில் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. வெறும் பல்வலிக்கு செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டும் இருந்தது. அது ஷெட்யூல் ஹெச்1, அதாவது விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள பட்டியலைச் சேர்ந்த மருந்து. 2014 மார்ச் முதல், அதை விற்கும் கடைக்காரர் எழுதிய டாக்டரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் சிலர்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை அன்று வரிவரியாகப் படித்தோம். உடல்நலம் சரியாக உள்ள பெரியவர்களுக்குப் பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட திசு) அழற்சியோ, வேர் நுனியில் பரவாத சீழோ இருந்து, உடனே சிகிச்சை கொடுக்க முடியுமானால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. பல்லைத் திறந்து சீழை வெளியேற்றுவதுதான் வைத்தியம். செத்துப்போன பல்கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை. மாத்திரை அங்கே எந்த வழியாகப் போகும்? காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் மூன்று நாளுக்குள் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதய வால்வு மாற்றியவர்களுக்கான முன்தடுப்பு, அதாவது பல் சிகிச்சையால் இதயத்தில் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் ஆன்டிபயாடிக் பற்றியும் பேச்சு வந்தது. சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. அதோடு சரி. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு கிளிண்டாமைசின் என்ற மாற்று ஆன்டிபயாடிக் இனி வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021-லேயே சொல்லிவிட்டது.

மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். "இதெல்லாம் எனக்கும் தெரியும். சாயங்காலம் ஏழு மணி, வெளியே பத்துப் பேர். நாற்காலியில் இருக்கிற நோயாளி கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். கல்யாணம் முடிச்சிட்டு வந்து வேர் சிகிச்சை பண்ணிக்கிறேன்கிறார். மாத்திரை இல்லைன்னா அடுத்த கிளினிக் போயிடுவார்." அவர் சொன்னதுதான் உண்மை நிலவரம் என்பது என் கருத்து. அறிவுக்குக் குறைவில்லை, உடனே சிகிச்சை செய்யக் காலி நாற்காலிக்குத்தான் பஞ்சம். 2019-ல் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் உலகில் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறோம். ஏழு மணிக்குக் கை தானாக அமாக்சிசிலினுக்குப் போகிறது.

எனவே தினமும் மாலையில் ஒரு மணி நேரத்தை வலியோடு வருபவர்களுக்கென ஒதுக்குவது, முடியாதவர் பக்கத்து உறுப்பினரிடம் அனுப்புவது என்று முடிவெடுத்தோம். பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள கிளினிக்குகளில் இது ஓரளவு நடக்கிறது. மற்ற இடங்களில் சுணக்கம்தான். 'அனுப்பிய பேஷன்ட் திரும்பி வரவே இல்லை' என்று செயற்குழுவுக்கு வந்த புகார்களை நான் மறைக்கப் போவதில்லை. பல்லைத் திறந்து வலியைத் தணித்துவிட்டு, குறிப்போடு அனுப்பியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும் என்று இப்போது விதி சேர்த்திருக்கிறோம்.

காத்திருப்பு அறைக்கான தமிழ் அறிவிப்பும் அச்சாகிவிட்டது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016-ல் தொடங்கிய பிரசாரத்தைத்தான் அதில் பெரிதாகப் போட்டிருக்கிறோம். ஆளுக்கு இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டு முதல், ஆன்டிபயாடிக் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுவது என்ற தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. ஒப்புதல் படிவம் பொருளாளர் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி நோட்டும் அதே மேசையில்தான்.

செயலாளர்